நடந்து போன சால்வை

அஞ்சாத நெஞ்சங்களைப் பற்றி எழுதுவதற்கு ஆள் இருக்கிறது. அஞ்சி அஞ்சி ஐம்பத்தாறு வயது வரை ஒரு கீறல்கூடப் படாமல் வந்து சேர்ந்த மனிதர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. அந்த அநீதியை ஓரளவாவது சரிசெய்யும் பொருட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் மூன்று தையல் இயந்திரங்களும் ஒரு தேய்ப்புப் பெட்டியும் வைத்திருக்கும் அரை இஞ்ச் மாஸ்டரின் வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதி இங்கே பதிவாகிறது.

பட்டப்பெயரின் காரணம் எளிது. எந்தத் துணியை வெட்டினாலும் அளவுக்கு மேல் அரை இஞ்ச் உள்ளே மடக்கி விடுவார். வாடிக்கையாளர் பெருக்கலாம், துணி சுருங்கலாம், அளவு எடுத்த அன்று அவர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்திருக்கலாம். எதற்கும் இருக்கட்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்பதுதான் மாஸ்டரின் வாழ்க்கைத் தத்துவம். கடையைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். லிஃப்டில் ஏற மாட்டார். ஏறியே தீர வேண்டுமென்றால், ஏற்கெனவே யாராவது ஏறி உயிரோடு இறங்குவதைப் பார்த்த பிறகு ஏறுவார். அரசாங்கத் தபால் வந்தால் ஒருநாள் முழுக்கப் பிரிக்காமல் வெட்டுமேசை மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வருவார். மறுநாள் அவர் மனைவி பிரித்துப் பார்த்து, "தண்ணி வரி ரசீதுங்க" என்று சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கும்.

தொழிலிலும் அவருக்கு ஒரு பயம் உண்டு. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், ஒரு வங்கி மேலாளரின் சாம்பல் நிறத் துணியும் ஒரு கணக்கு வாத்தியாரின் சாம்பல் நிறத் துணியும் மாறிப்போயின. மேலாளருக்கு வாத்தியாரின் கால்சட்டை. வாத்தியாருக்கு மேலாளரின் கால்சட்டை. இருவரும் கடைக்கு ஒரே சமயத்தில் வந்து, ஒருவர் அணிந்திருப்பதை மற்றவர் அடையாளம் கண்டுகொண்ட அந்தக் காலை வேளையை மாஸ்டர் இன்றும் கனவில் காண்கிறார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் துணியைக் காட்டி "இதுதான் மாஸ்டர்" என்று சொன்ன அடுத்த நொடி, மூலையில் நகத்தளவு ஒரு துண்டு வெட்டி, குண்டூசியால் பில்லில் குத்திவிடுவார். பில்லும் துணியும் இனி பிரிய முடியாது. தையல்காரர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் யோசித்துச் செய்கிறார்கள். மாஸ்டரின் கை, மாஸ்டரைக் கேட்காமலே செய்கிறது. காது 'இதுதான்' என்று கேட்கும். விரல் 'நறுக்' என்று வெட்டும். நடுவில் மூளை என்று ஒன்று குறுக்கிடாது.

இப்படிப்பட்ட கையோடு ஒரு மனிதர் வெளிநாடு போகலாமா? போனார்.

அவருடைய ஒரே மகள் கடல் தாண்டிய ஒரு நகரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற வேலையில் இருந்தாள். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டாள். மாஸ்டர் விமானத்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இறக்கை ஆடுவதைக் கடைசி வரை கண்கொட்டாமல் கண்காணித்தார். அவர் கவனித்ததால்தான் அது கழன்று விழவில்லை என்பது அவர் மனைவியின் கருத்து.

மகளின் அறை நாலாவது மாடி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இன்னொருவரின் ஜன்னல். முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் மகள் இருவரையும் கட்டிலில் உட்கார வைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, அம்மா, ஒழுங்காக் கேளுங்க. அடுத்த புதன்கிழமை என் பெர்மிட்டைப் புதுப்பிக்கணும். இங்க வேலை பார்க்கறதுக்கு அதுதான் உயிர். நீங்க ரெண்டு பேரும் என் பொறுப்புல வந்திருக்கீங்க. உங்க மேல ஒரு புகார் வந்தாலும் அது என் பேர்லதான் ஏறும்."

"நாங்க என்னடி புகார் வாங்கப் போறோம்?" என்றாள் அம்மா.

"எங்கூட வேலை பார்க்கற பொண்ணோட சித்தப்பா வந்திருந்தாரு. பூங்காவுல ஒரு பூவைப் பறிச்சாரு. ஒரே ஒரு பூ. அவளுக்கு பெர்மிட் வர நாலு மாசம் ஆச்சு. நாலு மாசமும் வேலை இல்லை, சம்பளம் இல்லை. என் முதலாளி அவ்வளவு நாள் எல்லாம் காத்திருக்க மாட்டாரு. சீட்டைக் கிழிச்சிருவாரு."

மாஸ்டரின் முகம் தேய்க்காத சட்டை மாதிரி ஆகிவிட்டது. "என்ன பூ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மூன்று நாட்கள் அவர் அறையை விட்டு இறங்கவில்லை. பூ பறிக்க வாய்ப்பில்லாத ஒரே இடம் அதுதான் என்று தெரிந்திருந்தது. நாலாவது நாள் மனைவி பொறுமை இழந்தாள்.

"ஏங்க, நாலு சுவரைப் பார்க்கவா பிளேன் ஏறி வந்தோம்? பக்கத்துத் தெருவுல துணிச் சந்தை இருக்காம். நடக்கற தூரம்தானாம். உங்க மக சாயங்காலம் அங்கயே வந்து நம்மளைக் கூட்டிக்கறேன்னு சொல்லியிருக்கா. கிளம்புங்க."

துணி என்றதும் மாஸ்டருக்குக் கால் கொஞ்சம் எழுந்தது. பாஸ்போர்ட் வைக்கச் சொல்லி மகள் கொடுத்திருந்த சின்னப் பையைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அதில் பாஸ்போர்ட் இருந்தது. கூடவே, கட்டை விரல் நீளத்தில் நூல்வெட்டி ஒன்றும், துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டு ஒன்றும் இருந்தன. ஏன் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. சிலர் மூக்குக் கண்ணாடி இல்லாமல் வெளியே போக மாட்டார்கள். அவர் நூல்வெட்டி இல்லாமல் போக மாட்டார்.

சந்தை ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் நீலச் சட்டைக் காவலாளி, அவனுக்கு முன்னால் ஒரு மேசை, மேசை மேல் ஒரு நோட்டு. கூரையில் பத்தடிக்கு ஒரு கேமரா. மாஸ்டர் ஒவ்வொரு கேமராவின் கீழும் லேசாகத் தலைகுனிந்து நடந்தார். மரியாதைக்கா பயத்துக்கா என்று தெரியாது.

ஆனால் உள்ளே துணி இருந்தது. அடேயப்பா! சுருள் சுருளாக, மடிப்பு மடிப்பாக, கம்பியில் தொங்கியபடி, கூடையில் குவிந்தபடி. பருத்தி, கம்பளி, பட்டு, பட்டு மாதிரி, பட்டு என்று சொல்லப்பட்டது. மாஸ்டர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வைத்துத் தேய்த்துக்கொண்டே போனார். முகத்தில் மூன்று நாளாகக் காணாத ரத்தம் திரும்பியது.

"இது கலப்பு. இது ரெண்டு துவைப்புல வெளுத்துரும். இது பரவால்லை. இது... இந்தா, இதைத் தொட்டுப் பாரு."

அது ஒரு சால்வைக் கடை. வாசலில் கம்பி கட்டி, நெருக்கமாகச் சால்வைகளைத் தொங்க விட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில், ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடிய ஒன்று.

"கையால நூத்த நூல்" என்றார் மாஸ்டர், குரல் தழைய. "இந்த மாதிரி நெசவைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு!"

மனைவியும் தொட்டாள். சொக்கிப் போனாள். "இதுதாங்க" என்றாள்.

நறுக்.

நகத்தளவு சாம்பல் நிறத் துண்டு, மூலையில் சிவப்புக் கோட்டோடு, அவருடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது. பையிலிருந்த நூல்வெட்டி எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. வழக்கம்போல இடது கை பில்லைத் தேடியது. பில் இல்லை. அப்போதுதான் மூளை வந்து சேர்ந்தது. வாங்காத துணியை வெட்டிவிட்டோமே என்று மாஸ்டர் பதறி நிமிர்ந்தார். சரி, என்ன செய்வது, வாங்கிவிட வேண்டியதுதான் என்று அவர் கை நீட்டுவதற்குள், அந்தச் சால்வை நடந்து போனது.

வேறு சொல்லில் சொல்ல முடியாது. சால்வை திரும்பியது. சால்வைக்கு மேலே நரைத்த கொண்டை போட்ட ஒரு தலை இருந்தது. கீழே இரண்டு கால்கள் இருந்தன. கடைக்காரரோடு பேசிக்கொண்டு, தொங்கிய சால்வைகளோடு சால்வையாக முதுகைக் காட்டி நின்றிருந்த உயரமான ஓர் அம்மாள், பேச்சை முடித்துக்கொண்டு, ஒரு மூலை குறைந்த தன் சால்வையோடு அடுத்த வரிசைக்குள் நுழைந்து மறைந்தார்.

மாஸ்டரின் மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கணவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"பூவுக்கு நாலு மாசம்" என்றார் மாஸ்டர். உதடு மட்டும்தான் அசைந்தது. "சால்வைக்கு எவ்வளவு?"

"கத்தாதீங்க."

"நான் எங்க கத்தறேன்? எனக்குக் குரலே வரலை."

"அந்தத் துண்டைக் கீழ போட்டுட்டு வாங்க."

"கீழ போட்டா அதுக்குத் தனிப் புகார். குப்பை போடக்கூடாதுன்னு படம் ஒட்டியிருக்கான் பாரு."

"முழுங்கிருங்களேன்."

மாஸ்டர் அந்த யோசனையை உண்மையாகவே பரிசீலித்தார் என்பதை வரலாறு மறைக்கக் கூடாது. துண்டை உதடு வரை கொண்டு போனார். தலைக்கு மேலே கேமரா. துணி தின்னும் மனிதன் என்று அது தனிக் குற்றமாகிவிடுமோ என்று கையை இறக்கிக்கொண்டார். துண்டு முஷ்டிக்குள் போயிற்று. முஷ்டி சட்டைப்பைக்குள் போயிற்று.

கொட்டகை வாசலைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் மாஸ்டர் நின்றுவிட்டார். வாசலில் காவலாளியின் மேசை முன்னால் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். காவலாளி நோட்டை இழுத்துத் திறந்தான்.

"எழுதறான்" என்றார் மாஸ்டர். 

திரும்பினார்கள். திரும்பி நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே! முதலில் கண்ணில் பட்ட கடையில் ஒரு மேசைவிரிப்பை வாங்கினார்கள். மகளின் அறையில் மேசை கிடையாது. அங்கிருந்து நகர்ந்து அடுத்த கடையில் நின்றார்கள். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று ஆறு தலையணை உறை. அதற்கடுத்து, யாரோ தங்களையே பார்ப்பது போலிருந்ததால், ஒரு முழுச்சுருள் திரைத்துணி. இருபத்தேழு வருடமாகத் தேய்க்காமல், முகராமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒரு முழம்கூட வாங்காத மனிதர், முஷ்டியைச் சட்டைப்பையை விட்டு எடுக்காமல் தாடையால் காட்டிக் காட்டித் துணி வாங்கினார். வியாபாரிகள் அவரைப் பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டார். இன்னொருவர் டீ வரவழைத்தார். டீயை வாங்கக் கை வேண்டும். ஒரு கையில் மூட்டை, இன்னொரு கையில் குற்றம். மனைவி வாங்கி ஊட்டிவிட்டாள்.

"ஏங்க, இது சுத்த நைலான். பருத்தின்னு சொல்லி உங்க தலையில கட்டறான்."

"கட்டட்டும். வாயைத் திறக்காத."

"இந்தக் கலர் என்ன கலருங்க? வாந்தி மாதிரி இருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு."

இப்படி ஒன்றரை மணி நேரம் ஓடியது. இருவர் கையிலும் துணி மூட்டை கழுத்துக்கு மேலே ஏறிவிட்டது. மாஸ்டர் மூட்டைக்குப் பின்னாலிருந்து வாசலை எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

காவலாளி. அந்த அம்மாள். நடுவில் அவருடைய மகள்.

மகள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாள் கையை விரித்துக் காட்டினார். காவலாளி தலையாட்டினான். மகளின் முகத்தில் கவலை. இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது: கீழுதட்டைப் பல்லால் பிடித்திருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்த நாட்களில் அப்படித்தான் நிற்பாள்.

"பிடிச்சுட்டாங்க" என்றார் மாஸ்டர். "நாம கிடைக்கலேன்னு அவளைப் பிடிச்சுட்டாங்க."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் பொறுங்க. என்னன்னு பார்ப்போம்."

இந்த இடத்தில் மாஸ்டர் திடீரென்று துணிந்துவிட்டார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.  ஐம்பத்தாறு வருடப் பயங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டின. எல்லாவற்றிலும் பெரிய பயம் எதுவோ, அது அவரைப் பின்னாலிருந்து தள்ளியது. மூட்டையோடு ஓடினார். வழியில் ஒரு தலையணை உறை விழுந்தது, அடுத்து இன்னொன்று. மேசை முன்னால் போய் நின்று, முஷ்டியை நீட்டி, விரல்களை விரித்தார். வியர்வையில் நனைந்த துண்டு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றார். "அவ இல்லை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வெட்டினேன்."

மகள் அந்த ஊர் பாஷையில் அவருக்கு மூன்று சொல் சொல்லிக் கொடுத்திருந்தாள்: என்ன விலை, நன்றி, மன்னியுங்கள். மூன்றில் எது எது என்று அந்த நேரத்தில் குழம்பிவிட்டது. அந்த அம்மாளைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, உரத்த குரலில், "நன்றி" என்றார்.

 மகள் துண்டைப் பார்த்தாள். அம்மாள் துண்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு மெல்ல, மிக மெல்ல, தன் சால்வையின் முனையை இழுத்துப் பார்த்தார்.

மூலை போனது அப்போதுதான் அம்மாளுக்கே தெரிந்தது.

"அப்பா!" என்றாள் மகள். அழுகையா கோபமா என்று பிரிக்க முடியாத குரல். "இவங்க குடையைத் தொலைச்சுட்டு முன்னாடியே வந்து எழுதி வச்சுட்டு, கிடைச்சுதான்னு மறுபடி கேக்க வந்தாங்கப்பா. நான் உங்களைக் காணோமேன்னு கேட்டேன். துணி மூட்டையோட ஒரு ஜோடியைப் பார்த்தேன்னு அவங்கதான் சொன்னாங்க. இப்ப வந்து என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

மாஸ்டரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொறுங்கன்னு சொன்னேன். கேட்டாரா!"

அந்த அம்மாள் சால்வையைக் கழற்றி மேசை மேல் விரித்தார். வெட்டுப்பட்ட மூலையில் விரல் வைத்தபடி நீளமாக ஏதோ பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. காவலாளி குடை பற்றி எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு முடித்துவிட்டு, புதுப் பக்கம் திருப்பினான். மகளைப் பார்த்துக் கையை நீட்டினான். மகள் கைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதிலிருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நோட்டில் எழுதினான். மாஸ்டர் எண்ணிக்கொண்டே இருந்தார். பதினொரு இலக்கம். ஒவ்வொன்றும் அவர் முதுகில் எழுதப்பட்டது போலிருந்தது.

"என்ன சொல்றாங்கம்மா அந்தம்மா?"

"சும்மா இருங்கப்பா."

"பணமா கேக்கறாங்க?"

"பணம் கேட்டாத் தேவலையே. கல்யாணத்துக்கு அவங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்ததாம். எதுக்கு வெட்டினீங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது? எங்கப்பா கை சொன்ன பேச்சுக் கேக்காதுன்னா?"

ஆனாலும் சொன்னாள். பில், குண்டூசி, நகத்தளவுத் துண்டு, மாறிப்போன கால்சட்டைகள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வாத்தியாரும் மேலாளரும் எதிரெதிரே நின்ற கட்டத்தில் காவலாளியின் மீசை லேசாக அசைந்தது. அம்மாளின் முகம் அசையவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்:

"ஒரு மூலை இல்லாத சால்வையை நான் எப்படிப் போட்டுக்கறதுன்னு கேக்கறாங்க."

மாஸ்டர் சால்வையைப் பார்த்தார். தொழில் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க அவருக்குத் தெரியாது.

"ஒரு மூலை போனா அது வெட்டு. நாலு மூலையும் ஒரே மாதிரி வளைஞ்சிருந்தா அது வேலைப்பாடு. அப்படிச் சொல்லு." சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. "சொல்லாத, சொல்லாத!"

மகள் சொல்லிவிட்டாள். அம்மாள் சால்வையை மாஸ்டர் பக்கம் தள்ளினார். ஒரே சொல் சொன்னார்.

"இப்பவே செய்யணுமாம். இங்கயே."

ஒரு மூலையை வெட்டிய குற்றத்துக்கு மேலும் மூன்று மூலைகளை வெட்டுவது தண்டனை. இப்படியொரு தீர்ப்பு வேறெங்கும் வழங்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். மாஸ்டர் நூல்வெட்டியை வெளியே எடுத்தார். காவலாளி நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். டீ வரவழைத்தவர் தன் குவளையைக் கொடுத்தார். அதைக் கவிழ்த்து வைத்து, சாக்பீஸால் வளைவு போட்டார் மாஸ்டர். அரை முழம் நீளத்துக்கு வெட்ட வேண்டியதில்லை. ஒரு குவளையின் கால் வட்டம்தான். அதற்கே அவர் கை தேய்ப்புப் பெட்டி மேல் தெளித்த தண்ணீர் மாதிரி துள்ளியது. மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மூலை வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது, ஆனால் கொஞ்சம் அதிகமாக. எனவே முதல் மூலையை இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று. மூன்றாவது மூலையில் கை உதறி, வளைவு இன்னும் உள்ளே போய்விட்டது. மறுபடியும் முதலாவது. மறுபடியும் இரண்டாவது.

"போதும்ப்பா" என்றாள் மகள், பல்லைக் கடித்தபடி.

"ஒரு நூல் வித்தியாசம் இருக்கும்மா."

"இப்படியே சரி பண்ணிக்கிட்டுப் போனீங்கன்னா, அந்தம்மாவுக்குக் கைக்குட்டைதான் மிஞ்சும்" என்றாள் மனைவி.

நாலாவது மூலைக்கு வந்தபோது மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலர் மடிப்பில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தார். சால்வையின் ஓரத்திலிருந்தே ஒரு சாம்பல் இழையை உருவினார். ஆறு தடவை கோர்க்கப் பார்த்து, ஏழாவது தடவை மகள் பிடுங்கிக் கோர்த்துக் கொடுத்தாள். நாலு மூலையையும் சுருட்டி மடித்துத் தைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் தையலைப் பார்த்ததை விட அதிகமாகத் திறந்து கிடந்த அந்த நோட்டைத்தான் பார்த்தார்.

அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டார். எதிர்க்கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். திரும்பி வந்து காவலாளியிடம் ஏதோ சொன்னார். அடுத்து மகளிடம் சொன்னார்.

"என்னம்மா?"

"முப்பது வருஷமா இந்தச் சால்வை தன் மேல இருக்கறதையே அவங்க வீட்டுக்காரர் கவனிக்கலையாம். நாலு மூலையும் போனதையாவது கவனிக்கறாரான்னு பார்க்கறேன்னு சொல்றாங்க. புகார் ஒண்ணும் வேண்டாமாம்."

மாஸ்டரின் மனைவி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது; கணவர்களைப் பற்றிய விஷயம் என்பதால் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மாஸ்டர் நோட்டைக் காட்டினார்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரச் சொல்லும்மா."

மகள் கேட்டாள். காவலாளி தலையசைத்து மறுத்தான். பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது. கிழித்தால் அவன் வேலை போய்விடும். எழுதியதன் கீழே இன்னும் இரண்டு வரி எழுதினான். அம்மாள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மகள் படித்துப் பார்த்து, சரி என்றாள்.

"உன் எண் அப்படியேதானே இருக்கு?"

"இருக்குப்பா. வாங்க போகலாம்."

அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் மகள் மேசைவிரிப்பையும் நைலானையும் வாந்தி நிறத் திரைத்துணியையும் கட்டிலடியில் தள்ளினாள். "ஏன்ப்பா ஓடி வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்னைப் பிடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

புதன்கிழமை வந்தது. மாஸ்டரும் கூடப் போனார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பெர்மிட் அலுவலகத்தில் தரையோடு திருகிய பிளாஸ்டிக் நாற்காலிகள், எண் துப்பும் ஒரு பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. மகள் மடியில் விண்ணப்பத்தை வைத்து நிரப்பினாள். ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றது.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லைப்பா."

"என்னன்னு சொல்லு."

"என் பொறுப்புல வந்த விருந்தாளிங்க மேல புகார் ஏதும் இருக்கான்னு கேட்டிருக்கு."

 மகள் ஒரு கட்டத்துக்குள் சின்னதாக ஒரு குறி போட்டாள்.

"எதுல போட்ட?"

"இல்லைங்கறதுல."

"பொய்யில்லையே?"

"இல்லைப்பா. புகார் வேண்டாம்னு எழுதினதுக்குக் கீழ அவங்க கையெழுத்துப் போட்டாங்கல்ல?"

"அப்ப அந்த நோட்டு?"

"அப்பா."

"சந்தை நோட்டை இங்க அனுப்புவாங்களா?"

"எனக்கென்னப்பா தெரியும்!" என்றாள் மகள். அந்தக் குரலில்தான் மாஸ்டருக்கு ஒன்று புரிந்தது: அவளுக்கும் பயம். ஆறு நாளாக அவளும் அந்தப் பதினொரு இலக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். யாருடைய ரத்தம்!

எண் கூப்பிட்டார்கள். குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். எட்டு. ஒன்பது. விரல் ஒன்பதில் நின்றது. குமாஸ்தா நிமிர்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாஸ்டரைப் பார்த்தார். கணினித் திரையைப் பார்த்தார். ஏதோ தட்டினார். மறுபடியும் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகளின் விரல்கள் அவர் சட்டைக் கையைப் பற்றின.

டப்.

முத்திரை. இரண்டு வருடம்.

மகள் தாளை வாங்கிக்கொண்டு திரும்பினாள். மாஸ்டரால் திரும்ப முடியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டியது. உடம்பு மழையில் நனைந்தவர் உடம்பு மாதிரி நடுங்கியது. குமாஸ்தா எழுந்து எட்டிப் பார்த்தார். ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடிக்குக் கீழிருந்த துவாரத்தின் வழியாக நீட்டினார். இவருக்கு என்ன ஆயிற்று என்று மகளிடம் கேட்டார்.

மகள் குனிந்து அப்பாவின் கையில் குவளையை வைத்து, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் சேர்ந்து நடுங்கியதில் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

"சந்தோஷத்துல" என்றாள்.